கையெழுத்துப் போட யாருக்கு உரிமை?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய மாணவன் மேடை ஏறினால் பழங்கதை பேசுவான் என்பது ஊரறிந்த விஷயம். நானும் ஒரே ஒரு பழங்கதை சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று ஒரு போராட்டம் நடந்தது. ஐந்து பேர் கொண்ட குழு. நான் ஒருவன், என் அறைத்தோழன் ஒருவன். முழுக் கோரிக்கையும் நிறைவேறும் வரை யாரும் தனியாகப் பேசப் போகக்கூடாது என்பது எங்கள் தீர்மானம். ஐந்தாவது நாள் என் அறைத்தோழன் தனியாகப் போய் வார்டனைப் பார்த்து, ஒரு சமாதானக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். போராட்டம் முடிந்தது. அன்றிரவு எங்கள் அறைக் கதவில் யாரோ கரியால் 'கருங்காலி' என்று எழுதினார்கள். யாரோ என்று ஏன் சொல்ல வேண்டும்? நான்தான் எழுதினேன். அதன்பிறகு பல ஆண்டுகள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நான் வரலாறு படித்து, வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். அமெரிக்க வரலாற்றுத் தாளில் செவ்விந்தியர் வெளியேற்றம் என்று ஒரு பகுதி வரும். செரோக்கி மக்களைப் பற்றி இரண்டு வரி சொல்வேன். "ராஸ் என்ற தலைவர் எதிர்த்து நின்றார், ரிட்ஜ் என்ற துரோகி கையெழுத்துப் போட்டார், மக்கள் விரட்டப்பட்டார்கள்." அவ்வளவுதான். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "சார், அவர் ஏன் கையெழுத்துப் போட்டார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த வகுப்பில் சொல்கிறேன்" என்று ஆசிரியர்களுக்கே உரிய முறையில் தப்பித்தேன். பிறகு படிக்க உட்கார்ந்தேன். படித்ததைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

செரோக்கி மக்கள் அமெரிக்காவின் தென்கிழக்கில், இன்றைய ஜார்ஜியா, டென்னசி, வட கரோலினா, அலபாமா மாநிலங்கள் சந்திக்கும் மலைப்பகுதியில் வாழ்ந்தவர்கள். செவ்விந்தியர் என்றதும் சினிமாவில் பார்த்த குதிரையும் இறகுத் தொப்பியும் நினைவுக்கு வரும், இல்லையா? அதை மறந்துவிடுங்கள். 1820-களில் இவர்கள் ஏர் பூட்டி உழுதார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். செக்வோயா என்ற மனிதர், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், தனி ஒருவராகத் தம் மொழிக்கு எழுத்து உருவாக்கி 1821-இல் முடித்தார். நம் 'க, கா, கி' போல ஒவ்வோர் அசைக்கும் ஓர் எழுத்து. இன்று வழக்கில் உள்ளவை 85. 1827-இல் தங்களுக்கென ஓர் அரசியல் சட்டம் எழுதினார்கள். நியூ எக்கோட்டா என்ற ஊர் தலைநகரம். 1828 பிப்ரவரி 21-ஆம் நாள் அங்கிருந்து 'செரோக்கி பீனிக்ஸ்' என்ற பத்திரிகை, செரோக்கி மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

எல்லாம் பொன்னுலகம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். வெள்ளையரைப் பார்த்துப் பருத்தித் தோட்டம் போட்ட பணக்காரச் செரோக்கிகள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1835-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் செரோக்கிகள் சுமார் 16,500 பேர், அவர்களிடம் இருந்த அடிமைகள் சுமார் 1,600 பேர். நான் இப்போது சொல்லப்போகும் இரு தரப்புத் தலைவர்களிடமும் அடிமைகள் இருந்தார்கள். இதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது வரலாறு ஆகாது.

இனி ஆட்களைப் பார்ப்போம்.

முதலாமவர் ஜான் ராஸ். 1828 முதல் 1866-இல் இறக்கும் வரை முதன்மைத் தலைவர். வம்சாவளியில் எட்டில் ஒரு பங்குதான் செரோக்கி, மீதி பெரும்பாலும் ஸ்காட்லாந்து ரத்தம். செரோக்கி மொழியில் சரளமாகப் பேசவும் வராது. ஆனால் மலைக் கிராமத்துச் சாதாரணச் செரோக்கி குடியானவன் உயிரையே கொடுப்பான், ராஸுக்கு. ஏன்? "நிலத்தை விடமாட்டேன்" என்று சொன்னார், சொன்ன சொல்லில் நின்றார்.

இரண்டாமவர் மேஜர் ரிட்ஜ். போர்வீரர், பெரும் பேச்சாளர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1814-இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தில் நடந்த போரில் ஆண்ட்ரூ ஜாக்சன் என்ற வெள்ளைத் தளபதியின் பக்கம் நின்று போரிட்டார். ராஸும் அதே போரில் இருந்தார். இந்த ஜாக்சன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரிட்ஜைப் பற்றி இன்னொன்று. 1807-இல் டபுள்ஹெட் என்ற தலைவர் இனத்தின் நிலத்தை விற்றுச் சொந்த லாபம் பார்த்தார் என்று அவரைக் கொன்றார்கள். கொன்றவர்களில் ரிட்ஜ் ஒருவர். பொது நிலத்தை அதிகாரமில்லாமல் விற்பவனுக்கு மரணம் என்ற அந்தப் பழைய வழக்கத்தை 1829-இல் எழுத்துச் சட்டமாகவே ஆக்கினார்கள். ரிட்ஜ் குடும்பத்தின் முழு ஆதரவோடுதான் ஆக்கினார்கள்.

மூன்றாமவர் அவர் மகன் ஜான் ரிட்ஜ். நான்காமவர் ரிட்ஜின் தம்பி மகன் எலியாஸ் பூடினாட், 'பீனிக்ஸ்' பத்திரிகையின் ஆசிரியர். இருவரும் கனெக்டிகட் மாநிலத்தில் கார்ன்வால் என்ற ஊரில் மிஷனரிப் பள்ளியில் படித்தவர்கள். இருவரும் அந்த ஊர் வெள்ளைக்காரப் பெண்களைக் காதலித்து மணந்தார்கள். பூடினாட் திருமணம் நிச்சயமானபோது ஊரார் திரண்டு கொடும்பாவி கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களில் பெண்ணின் கூடப்பிறந்த அண்ணனும் ஒருவர். கையில் பைபிள் கொடுத்து, "நீயும் எங்களைப் போல் ஆகலாம்" என்று சொன்ன ஊர் அது. அந்தச் சூடு இந்த இரண்டு இளைஞர்கள் மனத்தில் ஆறவே இல்லை என்று நினைக்கிறேன். வெள்ளையர் எந்த அளவுக்குப் போவார்கள் என்பதை அவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இப்போது நெருக்கடிக்கு வருகிறேன். 1829 வாக்கில் செரோக்கி நிலத்தில் தங்கம் கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன? ஆயிரக்கணக்கில் வெள்ளையர்கள் நுழைந்தார்கள். ஜார்ஜியா மாநிலம், "இனி உங்கள் சட்டம் செல்லாது, எங்கள் சட்டம்தான்" என்றது. நம்ம ஜாக்சன் இதற்குள் அமெரிக்க ஜனாதிபதி ஆகியிருந்தார். கிழக்கே உள்ள பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டம் 1830 மே மாதம் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 102, எதிர்ப்பு 97. மனசாட்சி உள்ள அமெரிக்கர்கள் அன்றைக்கும் இருந்தார்கள் என்பதற்காக இந்த எண்ணிக்கையைச் சொல்கிறேன்.

செரோக்கிகள் வில்லெடுக்கவில்லை. வக்கீல் வைத்தார்கள்! உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். சாமுவேல் வூஸ்டர் என்ற மிஷனரியை ஜார்ஜியா சிறையில் அடைத்த வழக்கில், 1832 மார்ச்சில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புச் சொன்னார். செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தெளிவான தீர்ப்பு. ஊரெங்கும் கொண்டாட்டம். ஆனால் தீர்ப்பை நடைமுறைப்படுத்த யார் வருவார்? ஜான் ரிட்ஜ் நேரே ஜாக்சனிடம் போய், "மத்திய அரசு இந்தத் தீர்ப்பை ஜார்ஜியா மீது அமல்படுத்துமா?" என்று கேட்டார். அமல்படுத்தாது என்று பதில் வந்தது. அந்த அறையை விட்டு வெளியே வந்த ஜான் ரிட்ஜ், உள்ளே போன ஜான் ரிட்ஜ் அல்ல. வழக்கில் ஜெயித்துவிட்டோம், நிலத்தைத் தோற்றுவிட்டோம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

பிளவு இங்கேதான் தொடங்குகிறது. மாணவர்கள் இந்த இடத்தைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

ரிட்ஜ் தரப்புச் சொன்னது: "போவது உறுதி. இப்போதே பேரம் பேசினால் நல்ல விலைக்கும் நல்ல நிலத்துக்கும் போகலாம். தாமதித்தால் துப்பாக்கி முனையில் போவோம். நிலமா, மக்களா என்றால் மக்கள்தான் முக்கியம்." ராஸ் தரப்புச் சொன்னது: "சட்டம் நம் பக்கம். ஜாக்சன் நிரந்தரம் அல்ல. மக்கள் போக விரும்பவில்லை. மக்கள் விரும்பாததைச் செய்ய நமக்கு அதிகாரம் இல்லை."

பத்திரிகை ஆசிரியர் பூடினாட் என்ன விரும்பினார்? இரண்டு பக்கத்தையும் 'பீனிக்ஸ்' இதழில் அச்சிட வேண்டும், மக்கள் படித்து முடிவு செய்யட்டும் என்றார். ராஸ் மறுத்துவிட்டார். எதிரி வாசலில் நிற்கும்போது நமக்குள் இரு கருத்து என்று வெளியே தெரியக்கூடாது என்பது அவர் கட்சி. 1832 ஆகஸ்டில் பூடினாட் ராஜினாமா செய்தார். அடுத்த ஆசிரியராக வந்தவர் ராஸின் மைத்துனர்.

நிலத்தை இழந்தது 1838-இல். ஆனால் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கும் வழக்கத்தை அவர்கள் இழந்தது இந்த 1832 ஆகஸ்டில் என்பது என் எண்ணம். அன்று அச்சில் நடக்காமல் போன விவாதம் பிறகு திருட்டுத்தனமாக நடந்தது, கடைசியில் கத்தியால் நடந்தது.

ராஸ் ஒன்றும் உலகம் தெரியாதவர் அல்ல. 1835 தொடக்கத்தில் வாஷிங்டனில் அவரே 2 கோடி டாலர் கொடுத்தால் பேசலாம் என்று கேட்டுப் பார்த்தார். செனட் சபை 50 லட்சத்துக்கு மேல் கிடையாது என்றது. ஆக, நிலைமை அவருக்கும் தெரிந்திருந்தது. அதை அவர் தம் மக்களிடம் உடைத்துச் சொல்லவில்லை. வாஷிங்டனிலிருந்து அவர் வீடு திரும்பினால், வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்! ஜார்ஜியா அரசு செரோக்கி நிலங்களையும் வீடுகளையும் லாட்டரி போட்டு வெள்ளையருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ராஸின் இரண்டு மாடி வீடு யாருக்கோ பரிசாக விழுந்துவிட்டது. அவர் டென்னசி எல்லைக்குள் ஒரு மரக்கட்டைக் குடிசைக்குப் போனார். ஜார்ஜியாக் காவல்படை எல்லை தாண்டி வந்து அங்கேயும் அவரைக் கைது செய்தது. அவருடன் கைதான விருந்தாளி ஜான் ஹோவர்ட் பெய்ன். வீட்டைப் போல் இனிய இடம் வேறில்லை என்று உலகமே பாடிய ஆங்கிலப் பாடலை எழுதியவர்!

1835 டிசம்பர் 29. நியூ எக்கோட்டாவில் பூடினாட் வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கூட்டத்துக்கு வந்தவர்கள் சில நூறு பேர், கையெழுத்துப் போட்டவர்கள் இருபது பேர் சுமார். 50 லட்சம் டாலருக்கு, மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த நிலம் முழுவதும் போயிற்று. மேஜர் ரிட்ஜுக்கு எழுதத் தெரியாது, ஒரு பெருக்கல் குறி போட்டார். என் மரண சாசனத்தில் கையெழுத்திட்டேன் என்று அவர் சொன்னதாக வழங்கி வருகிறது. சொன்னாரோ இல்லையோ, 1807-இல் டபுள்ஹெட்டைக் கொன்றவருக்கு அந்தச் சட்டம் தெரியாதா? தெரிந்தே போட்டார். ஜான் ரிட்ஜ் அன்று அங்கே இல்லை, பின்னர் வாஷிங்டனில் கையெழுத்திட்டார்.

இது எங்கள் ஒப்பந்தம் அல்ல என்று பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களுடன் ராஸ் மனுக் கொடுத்தார். பலன் இல்லை. 1836 மே மாதம் செனட் அதை ஏற்றது. வேண்டிய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஒரு வாக்கு அதிகம்.

ரிட்ஜ் தரப்பினர் 1837-இல் முன்கூட்டியே மேற்கே போய்விட்டார்கள். மற்றவர்கள், "ராஸ் ஏதாவது செய்வார்" என்ற நம்பிக்கையில் வயலில் விதைத்துக்கொண்டிருந்தார்கள். 1838 மே 23 கெடு முடிந்தது. ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட் தலைமையில் சுமார் 7,000 வீரர்கள். வீடு வீடாகப் புகுந்து ஆட்களைப் பிடித்து மரவேலி முகாம்களில் அடைத்தார்கள். அந்தக் கோடையின் வறட்சியில், நெரிசலில், வயிற்றுப்போக்கில் குழந்தைகள் மடிந்தன. மீதிப் பயணத்தை நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று ராஸ் கேட்டு வாங்கினார். பதின்மூன்று அணிகளாகப் பிரிந்து, சுமார் 800 மைல், குளிர்காலத்திலும் பயணம் செய்தார்கள். முகாமிலும் வழியிலும் இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது நான்கு பேரில் ஒருவர். ராஸின் மனைவி க்வாட்டியும் 1839 பிப்ரவரியில் லிட்டில் ராக் அருகே இறந்தார். கண்ணீர்ப் பாதை என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

மேற்கே போய்ச் சேர்ந்த பிறகு, 1839 ஜூன் 22. ஒரே நாளில் மூன்று இடங்கள். விடியற்காலையில் ஜான் ரிட்ஜை படுக்கையிலிருந்து இழுத்து, மனைவி மக்கள் கண்ணெதிரே குத்திக் கொன்றார்கள். பூடினாட் வீடு கட்டிக்கொண்டிருந்தார், "மருந்து வேண்டும்" என்று சிலர் வந்து கேட்டார்கள். கொடுக்கலாம் என்று உடன் நடந்தவரை வெட்டினார்கள். மேஜர் ரிட்ஜை ஆர்கன்சாஸ் எல்லைச் சாலையில் மறைந்திருந்து சுட்டார்கள். பூடினாட்டின் தம்பி ஸ்டாண்ட் வாட்டி மட்டும் தப்பினார். ராஸுக்கு முன்கூட்டித் தெரியாது என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஆனால் கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைக்கவில்லை.

பிறகு ஏழு ஆண்டுகள் பழிக்குப் பழி. 1846-இல் ஓர் உடன்பாடு வந்தது, ராஸும் வாட்டியும் கைகுலுக்கினார்கள். உள்நாட்டுப் போர் வந்ததும் அந்தக் கை விலகியது. வாட்டி தென்மாநிலப் படையில் ஜெனரல் ஆனார். ராஸின் மாளிகையை அவர் ஆட்கள் எரித்தார்கள். ஒரே ஒரு கையெழுத்தின் நெருப்பு முப்பது ஆண்டு எரிந்தது.

சரி, அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ரிட்ஜ் துரோகியா?

1837-இல் பூடினாட் தம் செயலுக்கு நியாயம் சொல்லி அச்சில் எழுதினார். நிலைமை தெரியாத பெரும்பான்மைக்காக, நிலைமை தெரிந்த சிலர் முடிவெடுப்பது தவறில்லை என்பது அவர் வாதம். படித்தவர்கள் நாம் எல்லோரும் இந்த வாதத்தில் விழக்கூடியவர்கள். அதனால்தான் கல்லூரி மேடையில் இதைச் சொல்கிறேன். வரப்போவதைப் பற்றி ரிட்ஜும் பூடினாட்டும் சொன்னது சரியாகவே இருந்தது, அப்படியே நடந்தது. ஆனால் சரியாகக் கணிப்பவனுக்கு அடுத்தவன் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் உரிமை வந்துவிடுமா? வராது. ராஸுக்கு அந்த உரிமை இருந்தது. உரிமை இருந்தவர் உண்மையை உரக்கச் சொல்லவில்லை, சொல்ல வந்தவர் வாயையும் அடைத்தார். ஒருவர் மக்களிடம் கேட்காமல் முடிவெடுத்தார், மற்றவர் மக்களுக்குச் சொல்லாமல் காத்திருந்தார்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஒற்றுமையாக இருந்திருந்தால் நிலம் தங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. புளோரிடாவில் செமினோல் மக்கள் 1835 முதல் 1842 வரை போரே நடத்தினார்கள், அவர்களிலும் பெரும்பாலோரை மேற்கே அனுப்பிவிட்டார்கள். குற்றவாளிகள் ஜார்ஜியாவும் ஜாக்சனின் அரசும்தான். திருடனை விட்டுவிட்டு, வீட்டுக்காரர் இருவரில் யார் கதவைத் திறந்தது என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஆனால் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டிருந்தால், நிலம் போனாலும் அந்த ஜூன் 22 வந்திருக்காது.

வரலாறு இன்னொரு விசித்திரமும் செய்தது. பதினைந்தாயிரம் பேர் மறுத்த அந்த நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தின் 7-வது பிரிவில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் செரோக்கிகளுக்கு ஒரு பிரதிநிதி இருக்கலாம் என்று ஒரு வரி உண்டு. ஓக்லஹோமாவில் டாலக்வா நகரைத் தலைநகராகக் கொண்ட செரோக்கி நாடு, அந்த வரியைக் காட்டி, 2019-இல் தன் பிரதிநிதியை நியமித்து இடம் கேட்டது. ராஸ் வழிவந்தவர்களும் ரிட்ஜ் வழிவந்தவர்களும் சேர்ந்து வாழும் நாடு அது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரிமை கேட்கிறார்கள்.

கடைசியாக, என் பழங்கதை. பல்லாயிரம் பேர் துயரத்துக்கு முன்னால் எங்கள் விடுதிச் சாம்பார் ஒரு பொருட்டே அல்ல, அது எனக்குத் தெரியும். ஆனாலும் செரோக்கிகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கரி எழுத்து என் கண் முன்னால் வருகிறது. அன்று அவனைப் பார்த்து, "கையெழுத்துப் போட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கத்தினேன். அந்தக் கேள்வி நியாயமானது, இன்றும் அதைக் கேட்பேன். ஆனால் ஐந்து நாளும் குழுக் கூட்டத்தில் அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "உட்காருடா" என்று அடக்கியதும் நான்தான். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை நான் படித்ததில்லை, கேட்டதும் இல்லை.

அவன் இன்று வந்திருக்கிறான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். மேடையில் 'டேய்' போட்டுக் கூப்பிடக்கூடாது என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். ஆகவே மரியாதையாகவே கேட்கிறேன். நண்பர் அவர்களே, பந்தியில் பக்கத்தில் எனக்கு ஓர் இலை போடச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தைப் பற்றி இன்று நீங்கள் பேசுங்கள். நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.